சாயம் பார்க்கும் பெட்டி

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதைக் கெடுக்க எதிரி, பொறாமைக்காரி, போட்டிக் கடை என்று யாரும் வரவில்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு மெஷின் வந்தது.

நான் சைதாப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டில் வறுத்து, மார்க்கெட் பக்கத்து மில்லில் அரைத்து, இட்லி மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி, பருப்புப் பொடி விற்கிறேன். அந்தக் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லா வீட்டு அலமாரியிலும் என் பாட்டில் நின்றது. முக்கியமாக மிளகாய்ப் பொடி. காரத்துக்கு நீட்டு மிளகாய், நிறத்துக்குச் சுருக்கம் விழுந்த காஷ்மீரி மிளகாய் என்று கலந்து போடுவேன். "என்ன கலர், என்ன கலர்" என்று அந்த வீட்டு அம்மாக்கள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நிறம் நன்றாக இருப்பதும் ஒரு நாள் குற்றமாகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் செய்ய ஏதாவது வேண்டும் அல்லவா, குடியிருப்பு கிடைத்தது. அளக்கும் கருவி என்றால் மனிதருக்கு உயிர். குடிதண்ணீர் கேனுக்குள் பேனா மாதிரி ஒன்றை விட்டு எண் படிப்பார். கொரோனா முடிந்து ஊரே மறந்த பிறகும் வாட்ச்மேன் விரலில் கிளிப்பை மாட்டி மூச்சு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பால் பாக்கெட்டைத் தராசில் வைப்பார். பால்காரர் மட்டும் எப்படியோ தப்பித்து இன்றும் நலமாக இருக்கிறார்.

அவருடைய தம்பி மகன் எங்கோ ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறார். சாப்பாட்டில் கலக்கக் கூடாத சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கிற கருவி ஒன்றைச் செய்து, வெள்ளோட்டத்துக்குப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, சின்னக் குப்பியில் இருக்கும் ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்க வேண்டும். தெளிந்த பிறகு ஒரு சொட்டைச் சோதனைத் தாளில் விட்டு, தாளைப் பெட்டியின் இடுக்கில் செருக வேண்டும். உள்ளே ஊதா வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சத்தில் தாள் நீலமாக ஒளிர வேண்டும். தப்பான சாயம் இருந்தால் நீலம் மங்கி வேறு நிறம் எழும். மேலே வைத்த செல்போன் அதைப் பார்த்துப் பச்சை வட்டமோ சிவப்பு வட்டமோ போடும். ஊருக்கு நல்லது செய்கிற கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்தான் வருத்தம்.

நவராத்திரி தொடங்கும்போது பெட்டி வந்தது. முதல் வாரம் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கடற்கரையில் வாங்கிய ரோஸ் பஞ்சு மிட்டாய்க்குச் சிவப்பு போட்டது. பெயர் தெரியாத தக்காளி சாஸ் பாக்கெட்டுக்குச் சிவப்பு போட்டது. இரண்டும் நியாயம். என் மிளகாய்ப் பொடிக்குப் பச்சை. செயலாளரே வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுப் பாராட்டினார். ஆர்டர் எடுக்க வசதியாக என்னையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு நானும் கும்பிடு பொம்மை ஒன்றைப் போட்டேன்.

சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டாம் நாள் பையோடு போனால், வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார்.

"அக்கா, மேல போவாத. உன் பாட்டிலெல்லாம் கீய வந்துட்ச்சி, பாரு."

காலியான டிவி அட்டைப் பெட்டி ஒன்றில் என் பாட்டில்கள் கிடந்தன. பாதி தின்றது, கால் தின்றது, மூடி திறக்காதது எல்லாம் சேர்ந்து கிடந்தன.

"ஏன்ப்பா?"

"சாயம் கீதாம் உன் பொடில. மெஷினு சொல்லிச்சாம். எனுக்கு இன்னா தெரியும். நான் துன்னுகினுதான் கீறேன், நல்லாத்தான் கீது. நம்ம துன்றதுக்கெல்லாம் எவன் மெஷினு வெக்கப் போறான்."

அங்கேயே அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். குழுவில் என் பாட்டிலின் படம், பக்கத்தில் சிவப்பு வட்டம். கீழே குடியிருப்பு முழுவதும் திரண்டு நின்றது. "என் பேரனுக்கு அன்னைக்கே வயிறு வலித்தது" என்று ஒருவர். அந்தப் பேரன் இருப்பது அமெரிக்காவில், என் பொடியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "எனக்கு அந்தக் கலரைப் பார்த்ததுமே தோணிச்சு" என்று இரண்டாம் மாடி அம்மா. போன மாதம் அதே கலரைக் காட்டித் தன் சம்பந்திக்கும் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். முதலில் பச்சை வந்ததே என்று ஒருத்தர் நியாயமாகக் கேட்டார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. முதலில் நல்ல சரக்கைக் கொடுத்து நம்ப வைத்துவிட்டு, இப்போது வேலையைக் காட்டுகிறேனாம். படித்துக்கொண்டே இருக்கும்போது என்னைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். நல்ல வேளை, மீதியைப் படிக்கிற பாக்கியம் எனக்கு இல்லாமல் போனது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பட்டணம் வந்தவர். காலை முதல் இரவு வரை "சாயம் போகாதும்மா, நான் கேரண்டி" என்று சொல்லியே தொண்டை தேய்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொதித்தார்.

"அவனுவ யாரு அதச் சொல்லுததுக்கு? சாயத்தப் பத்தி என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. நா சாயத்துலதாம் நிக்கேன் இத்தன வருசமா. ஞாயித்துக்கெழம நானே வாரேன். நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு வருவம்."

தீபாவளி நேரத்தில் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பதற்குத் தெம்பாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் கடை முடிந்து வந்ததும் ஒரு ரவுண்டு திட்டுவார். செயலாளருடைய கல்வி, வயது, மூக்குக் கண்ணாடி எதையும் விட்டுவைக்கவில்லை. எனக்காக ஒருத்தர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் அந்த நாட்களை ஓட்டினேன்.

ஏனென்றால் விஷயம் அடையாறோடு நிற்கவில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தின் படம் திருவான்மியூர் போனது. பாலவாக்கத்தில் எனக்கு மாதாமாதம் வாங்குகிற வீடுகள் இருந்தன, அங்கேயும் போனது. "இந்தத் தடவை வேண்டாம்மா, ஊருக்குப் போறோம்" என்று ஒரே நாளில் அத்தனை வீட்டுக்காரர்களும் ஊருக்குப் போனார்கள். பொடி விற்கிறவளுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. வாய்ப்பேச்சில் வளர்ந்த பெயர்தான் எல்லாம். அது போய்விட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியைக் கவிழ்த்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பயந்தேன். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கேட்டில் நிறுத்தப்பட்ட மறுநாளே செயலாளர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். அவர் மனைவி மோர் கொடுத்தார். எப்போதும் எவர்சில்வர் டம்ளரில் வரும் மோர், அன்றைக்குக் காகிதக் கப்பில் வந்தது. குடித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கு வசதியாம்.

"இதோ பாருங்கோம்மா, நான் ஒண்ணும் சொல்லலை. மெஷின்னா சொல்றது" என்றார் செயலாளர். "எங்காத்துலயும் உங்க பொடிதான் இத்தனை நாளா. எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன?"

அவர் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. பஞ்சு மிட்டாயைப் பிடித்தவருக்கு இப்போது ஓர் ஆளே கிடைத்திருக்கிறது.

என் கண் முன்னால் சோதித்தார். சட்டையின் கையை மடித்துக்கொண்டு, குப்பியைக் குலுக்கி, சொட்டு விட்டு, தாளைச் செருகி, செல்போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் திரை விலகக் காத்திருப்பவர் நின்ற மாதிரி இருந்தது. சிவப்பு.

என் பொடியில் நான் எதையும் கலக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மிளகாய்க் கடைக்காரர்? மில்லில் எனக்கு முன்னால் அரைத்தவர்? திரும்புகிற பஸ்ஸில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து புது மிளகாய் வாங்கி, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, மில்லுக்குப் போகாமல் மிக்ஸியிலேயே அரைத்தேன். குழந்தைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

மறுபடியும் சிவப்பு.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன் சார்" என்றேன். "உங்க சமையக்கட்டு உப்ப எடுத்து வைங்க."

"உப்புல யாரும்மா சாயம் போடுவா?"

"அதனாலதான் வைங்கங்கறேன்."

வைத்தார். உப்பும் சிவப்பு.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெள்ளை வெளேர் என்று இருக்கும் உப்பில் சிவப்புச் சாயம் இருக்கிறது என்று மெஷின் சொன்னால், கோளாறு உப்பிலா மெஷினிலா என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் யோசித்தார்.

"பார்த்தேளா" என்றார் கடைசியில். "உப்புலயே கை வச்சுட்டான்."

அன்று மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் பாக்கெட் உப்பைக் கொட்டியது. கல்லுப்புக்கு மாறினார்கள், அதுவும் சிவப்பு. தயிர் சிவப்பு. சீனி சிவப்பு. தண்ணீர் கேன் சிவப்பு. வாட்ச்மேன்தான் தினமும் போனில் நிலவரம் சொல்வார். "இன்னிக்கி இட்லி மாவு செவப்பு, அக்கா. நாலாவது மாடில ஒர்த்தரு பயத்துல வெறும் வாழப்பயம் துன்னுகினு கீறாரு, தோல உரிச்சி." நாட்டில் கலப்படம் இந்த அளவுக்குப் போய்விட்டதே என்று அந்தக் குழுவில் எல்லாரும் மாய்ந்து போனார்களாம். அரசாங்கத்துக்கு மனு எழுத ஒரு கமிட்டி போட்டார்களாம். மெஷினை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த குடியிருப்பு அது.

நான் தப்பித்தது கடவுள் கிருபையால்தான். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. சனிக்கிழமை பக்கத்துக் கோயிலில் இருந்து புளியோதரைப் பிரசாதம் வந்திருக்கிறது. செயலாளரின் மனைவி வேண்டாம் என்று தடுத்தும், பொது நன்மை கருதி அதில் ஒரு பருக்கையை அவர் மெஷினில் வைத்துவிட்டார். சிவப்பு. அங்கேதான் குடியிருப்பு விழித்துக்கொண்டது. பொடிக்காரி கலப்படம் செய்வாள், உப்புக் கம்பெனி செய்யும், பால் கம்பெனி செய்யும். பெருமாள் செய்வாரா? மெஷினில் ஏதாவது கோளாறு இருக்கலாமோ என்று அப்போதுதான் முதன்முதலாக ஒருவர் கேட்டாராம். தம்பி மகனுக்குப் போன் பறந்தது.

"அக்கா, மெஷினு ஆளு வந்துகீறாரு, சீக்கிரம் வா" என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்த உளுந்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

தம்பி மகன் சிடுசிடுப்பான ஆள். பெட்டியைக் கையில் வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியப்பா, எதையும் போடாம வெறும் தாளை முதல்ல விட்டுப் பார்க்கணும்னு சொன்னேனே. தினம் பார்த்தேளா?"

"வெறும் தாளைப் பார்த்து என்னடா ஆகப் போறது?"

தம்பி மகன் பெட்டியை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். தாள் செருகுகிற இடுக்குக்கு நேர் மேலே, பெட்டியின் நடு நெற்றியில், காய்ந்துபோன சந்தனமும் அதன் மேல் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன. குங்குமம் உதிர்ந்து இடுக்குக்குள்ளும் போயிருந்தது.

"இதை யார் வச்சது?"

"நான்தான்" என்றார் செயலாளரின் மனைவி, இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி. "ஆயுத பூஜைக்கு. ஆத்துக்குப் புதுசா வந்த மெஷின், பொட்டு வைக்காம எப்படிடா விடறது? வாஷிங் மெஷின், மிக்ஸி, இவரோட தராசு எல்லாத்துக்கும்தான் வச்சேன்."

நானும் வைத்திருப்பேன். என் வீட்டில் மிக்ஸிக்கும் வாணலிக்கும் அன்றைக்குப் பொட்டு வைத்தவள்தான் நான். தமிழ்நாட்டில் அன்று பொட்டு இல்லாமல் தப்பிக்கிற இரும்பு ஏது?

தம்பி மகன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொட்டைத் துடைத்தார். பஞ்சு முழுவதும் பஞ்சு மிட்டாய் ரோஸ். வீட்டில் இருந்த குங்குமச் சிமிழை வாங்கி, ஒரு சிட்டிகையை ஸ்பிரிட்டில் கரைத்து, ஒரு துளியைத் தாளில் விட்டு ஊதா வெளிச்சத்தில் காட்டினார். தாள் எரிந்த சிவப்பில் ஆட்டோ பின்னால் எரிகிற பல்பு தோற்றது. மலிவுக் குங்குமத்தில் போடுகிற சாயம், துணிக்குப் போடுகிறது, வாய்க்கு ஆகாது, நெற்றிக்கும் நல்லதில்லை என்றார். ஈரத்தாளை ஒவ்வொரு தடவை செருகும்போதும் இடுக்கில் இருந்த குங்குமம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெஷின் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கலப்படத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது, தன் நெற்றியில்.

இடுக்கைத் துடைத்து, வெறும் தாளை விட்டார். பச்சை. உப்பு பச்சை. அட்டைப் பெட்டியில் இருந்து என் பாட்டிலை எடுத்துவரச் சொல்லி அதையும் வைத்தார். பச்சை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்ப் பொடிக்காரி கண்ணைத் துடைத்தால் காரம் என்று நினைத்துக்கொள்வார்கள், அந்த வசதி ஒன்று எங்களுக்கு உண்டு.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆகக் கூடி பொடி மேலயும் தப்பில்லை, மெஷின் மேலயும் தப்பில்லை" என்றார்.

மூன்றாவதாக ஒருவர் மேல் தப்பு இருக்கலாம் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. என்னை மறுபடி குழுவில் சேர்த்தார்கள். "பொடி ஓகே" என்று இரண்டே வார்த்தை, கூடவே ஒரு கட்டைவிரல். என்னைக் கலப்படக்காரி என்று நிறுவ எத்தனை பத்தி எழுதினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாம் மாடி அம்மா, "எனக்கு அந்தக் கலரைப் பார்த்ததுமே தெரியும், அசல் மிளகாய்" என்று எழுதியிருந்தார். அவர் கண்ணுக்கு ஈடாக இன்னும் ஒரு மெஷின் வரவில்லை. மாலைக்குள் ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் ஊரில் இருந்து திரும்பிவிட்டார்கள். தீபாவளிக்குள் வேண்டும் என்று ஆர்டர்கள் வந்து குவிந்தன.

வீட்டுக்கு வரும்போது என் கால் தரையில் இல்லை. இட்லி ஊற்றினேன். அவர் கடையில் இருந்து வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நா அன்னைக்கே சொன்னேம்லா. என் பொஞ்சாதி பொடியில சாயமா? எவன்ட்ட கத விடுதான். நீ இட்லிய வையி, நல்லாப் பசிக்கி."

அவருக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு பாட்டில் உண்டு. காலையில் நான் மில்லுக்குக் கிளம்பும்போது இட்லியை ஹாட்பேக்கில் வைத்துவிட்டுப் போவேன், அவராகப் பொடி போட்டு, எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவார். ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பாட்டில் தாங்காது. இத்தனை களேபரத்தில் அதை நிரப்பாமல் விட்டுவிட்டேனே, பாவம், வெறும் இட்லியைத் தின்றாரோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன்.

பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. வாட்ச்மேன் என்னைக் கேட்டில் நிறுத்திய அன்று நான் நிரப்பி, ஸ்பூனால் அழுத்தி வைத்த தடம்கூட மேலே அப்படியே இருந்தது. பக்கத்தில் சீனி டப்பா காலியாக நின்றது.

பாட்டிலோடு வந்து அவர் முன்னால் நின்றேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயிறு கொஞ்சம் மந்தமா இருந்துச்சு" என்றார். அப்புறம், "உன்னையச் சொல்லல. மெளகாக்காரன் ஏதும் கலந்திருந்தாம்னா... அதுக்குத்தாம்" என்றார்.

அந்தக் குடியிருப்பில் இருக்கிற அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது, இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதானே சொன்னேன். அவர்களுக்கு நான் பொடி விற்கிறவள், சந்தேகப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. எனக்காக இரவெல்லாம் சண்டை போட்டுவிட்டு, காலையில் சீனி தொட்டு இட்லி தின்ற மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலித்தது.

தட்டில் பொடியைப் போட்டு, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றினேன். அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு விள்ளலைத் தொட்டு வாயில் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் மெல்லுவதைப் பார்த்தேன்.

"நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் போடு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

போட்டேன்.